தலைப்பில் எழுதப்படும் தீர்ப்பு: தமிழ்ச் செய்தி மொழியில் பெண்

‘காதலிக்க மறுத்ததால் கல்லூரி மாணவிக்குக் கத்திக்குத்து.’

தமிழ் நாளிதழ் படிக்கிற எவருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. ஊர் மாறும், பெயர் மாறும், வாக்கியத்தின் கட்டு மட்டும் அப்படியே இருக்கும். நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குத்து இருக்கிறது, குத்துப்பட்டவர் இருக்கிறார், குத்தியவனைக் காணோம். அவன் நிற்க வேண்டிய இடத்தில் ‘மறுத்ததால்’ என்ற சொல் நிற்கிறது. ‘மழை பெய்ததால் ஆறு பெருகியது’ என்னும்போது ‘ஆல்’ உருபு காரணத்தைக் காட்டுகிறது. இங்கும் அதே வேலையைத்தான் அது செய்கிறது. அந்தப் பெண்ணின் மறுப்பு காரணம், கத்திக்குத்து விளைவு. எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார். இலக்கணம் அவருடைய நினைப்பைக் கேட்டு நடப்பதில்லை.

ஊடகங்களில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்ற பேச்சு எழுந்தாலே சினிமாவையும் சின்னத்திரைத் தொடரையும் சிவப்பழகு விளம்பரத்தையும் எடுத்துக்கொள்கிறோம். அவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அவை கற்பனை என்று பார்ப்பவருக்கும் தெரியும். செய்தி அப்படிப்பட்டதல்ல. ‘பேப்பரில் போட்டிருக்கிறது’ என்றால் நம் ஊரில் அது நடந்தது என்று பொருள். அதனால்தான் சினிமாவைவிடச் செய்தியின் மொழி எனக்கு அதிகக் கவலை தருகிறது. நானும் ஒரு மாவட்டப் பதிப்பின் செய்தி மேசையில் சில காலம் தலைப்பு எழுதியவன். இங்கே குறை சொல்லப்போகும் சொற்களில் பாதியை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

உலக அளவில் செய்திகளில் பெண்களின் இடத்தை 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும் ஓர் ஆய்வு உண்டு: உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம். செய்தியில் இடம்பெறுவோரிலும் கருத்துச் சொல்வோரிலும் பெண்களின் பங்கு 1995இல் 17 விழுக்காடாக இருந்தது. 2020இல் 25 விழுக்காடு ஆனது. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி ஏற்றம். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு எந்தப் பக்கத்தில் வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்டப் பதிப்பு ஒன்றை எடுத்து ஒரு வாரம் புரட்டுங்கள். ஆட்சியர் கூட்டம், விவசாயிகள் குறைதீர்ப்பு, வணிகர் சங்கம், கட்சி ஆர்ப்பாட்டம் எல்லாவற்றிலும் பேசுவது பெரும்பாலும் ஆண்களே. பெயர் தெரியாத சாதாரணப் பெண் ஒருத்தி அதில் இடம்பிடிக்க வேண்டுமானால், தேர்வில் முதலிடம் பெற வேண்டும். இல்லையென்றால் குற்றச் செய்தியில் வர வேண்டும். அந்தக் குற்றச் செய்திக்கென்று ஒரு சொல்வங்கி இருக்கிறது.

அதில் முதலாவது ‘கற்பழிப்பு’. இன்று பல நாளிதழ்கள் இதைக் கைவிட்டுவிட்டன என்பது உண்மை, நல்ல மாற்றம். ஆனாலும் பேச்சிலிருந்தும் பழைய திரைப்படங்களிலிருந்தும் இணையத் துணுக்குகளிலிருந்தும் அது போகவில்லை. அகராதியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பிரித்தால் என்ன கிடைக்கிறது? பெண்ணிடம் கற்பு என்று ஒன்று இருந்தது. இப்போது அது அழிந்துவிட்டது. குற்றம் செய்தவனின் வன்முறையை அந்தச் சொல் சொல்லவில்லை, குற்றத்துக்கு ஆளானவரின் இழப்பைச் சொல்கிறது. அதுவும் திரும்ப வராத இழப்பாக. திருட்டுப் போன வீட்டை யாரும் ‘மானம் அழிந்த வீடு’ என்பதில்லை. இந்த ஒரு குற்றத்தில் மட்டும் சேதத்தின் கணக்கு பாதிக்கப்பட்டவர் பெயரில் எழுதப்படுகிறது.

கற்பு என்ற சொல்லின் மேல் இத்தனை சுமை எப்போதும் இருந்ததில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியலுக்குப் பிறகு வருவது கற்பியல். ஊரறியாத காதல் களவு, ஊரறிய நடக்கும் இல்லறம் கற்பு. அங்கே அது ஒரு வாழ்க்கை நிலையின் பெயர். 1928இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். படி என்பதிலிருந்து படிப்பு வருவதுபோலக் கல் என்பதிலிருந்து கற்பு வந்ததாகச் சொல்லப்படுவதைக் காட்டி, பிறகு அது பெண்ணுக்கு மட்டும் பூட்டப்பட்ட விலங்காக மாறியதை அவர் விசாரித்தார். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 2005இல், திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு ஓர் ஏட்டுக்குச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வழக்குகள் தொடரப்பட்டன. அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே 23 குற்றவியல் புகார்கள் 2010 ஏப்ரலில் தள்ளுபடி ஆயின. கற்பு என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு எரிபொருளைச் சுமந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சொல்லைத்தான் ஒரு குற்றத்தின் பெயருக்குள் வைத்து, காயப்பட்டவரின் கையில் கொடுத்தோம்.

இதை மாற்றச் சொன்னால் செய்தி மேசையில் ஒரு பதில் வரும்: இடம் போதாது. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஒற்றைப் பத்தியில் தலைப்பு வைக்கிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கணக்கு. ‘கற்பழிப்பு’ ஆறு எழுத்து. ‘பாலியல் வன்கொடுமை’ ஒன்பது எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி வேறு. நானும் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் தப்பித்து வந்தேன். பிறகு ஒருநாள் விரல்விட்டு எண்ணினேன். ‘வன்புணர்வு’ ஆறே எழுத்துதான். இலங்கைத் தமிழ் இதழ்களில் வழங்கும் ‘வல்லுறவு’ ஐந்து. அதில் ‘உறவு’ ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் வன்மை யாருடையது என்பதில் இரண்டு சொல்லுக்கும் குழப்பமில்லை. ‘பாலியல் வன்கொடுமை’ கண்ணியமான சொல்தான். ஆனால் தொடுவது முதல் கொடூரமான தாக்குதல் வரை அத்தனையையும் அது ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது. ஆக, இடம் ஒரு காரணமாக இருந்ததே இல்லை. பழக்கம்தான் காரணம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தின் மொழியும் முழுக்கத் தெளிந்துவிடவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆவது பிரிவும், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் போலவே, பெண்ணைத் தாக்கும் குற்றத்தை அவருடைய நாணத்துக்கு நேரும் பங்கமாகவே வரையறுக்கிறது. ‘மானபங்கம்’ என்று நிருபர் எழுதும்போது அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த சொல் ‘கள்ளக்காதல்’. தமிழில் ‘கள்ள’ என்ற அடை எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்: கள்ள நோட்டு, கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை, கள்ளக்கடத்தல், கள்ள ஓட்டு. எல்லாம் கைது செய்யத் தக்கவை. அந்த வரிசையில் ஒரு மனித உறவையும் சேர்த்தால் அது குற்றம் என்ற முடிவு தலைப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு மணமான பெண்ணோடு உறவு வைத்த ஆணைத்தான் தண்டித்தது; பெண்ணைத் தண்டிக்கவில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய சட்டம் அது என்று சொல்லி 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. சட்டம் இருந்தபோதும் பெண் குற்றவாளி இல்லை. நீங்கிய பிறகு யாருமே குற்றவாளி இல்லை. நம் தலைப்புகளில் மட்டும் அவள் இன்னும் குற்றவாளி. ‘2 குழந்தைகளின் தாய் கள்ளக்காதலனுடன் ஓட்டம்’ என்று வரும். 2 குழந்தைகளின் தந்தை யாருடனாவது ஓடியதாகத் தலைப்பு படித்த நினைவு உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை. தாய்மை என்பது அவளைப் பற்றிய தகவலாக அந்தத் தலைப்பில் வரவில்லை, குற்றத்தைக் கூட்டும் சாட்சியாக வருகிறது. குழந்தை இறந்த செய்தியில் ‘கல்நெஞ்சத் தாய்’ வருவதும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய் என்று ஒன்று உண்டு, அது மருத்துவருக்குத் தெரியும். அவரிடம் கேட்க நிருபருக்கு நேரமிருப்பதில்லை.

‘கள்ளக்காதல்’ என்ற சொல் இன்னொரு கேட்டையும் செய்கிறது. மனைவியைக் கணவன் கொன்ற செய்தியில் ‘கள்ளக்காதல் விவகாரத்தில்’ என்று இரண்டு சொல் சேர்ந்தால் போதும், கொலைக்கு ஒரு நியாயம் தயாராகிவிடும். பெரும்பாலும் அந்தத் தகவல் கொன்றவனின் வாக்குமூலத்தில் மட்டுமே இருக்கும். மறுத்துச் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 4,28,278 வழக்குகள் பதிவாகின. அவற்றில் மிகப் பெரிய பங்கு, 31.8 விழுக்காடு, கணவனும் அவன் உறவினரும் செய்த கொடுமை. பதிவான குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வீட்டுக்குள் நடக்கிறது. அதே ஆண்டு பதிவான 31,677 வன்புணர்வு வழக்குகளில் 96.5 விழுக்காட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். ஆனால் குற்றச் செய்தியோடு வழக்கமாக வரும் படத்தை நினைத்துப் பாருங்கள். மூலையில் குறுகி உட்கார்ந்து, தலைமுடி கலைந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்ட பெண். சுவரில் ஓர் அந்நிய ஆணின் நிழற்கை. வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பெண்தான் என்றும், ஆபத்து முகம் தெரியாதவனிடமிருந்து வருகிறது என்றும் அந்தப் படம் ஒரே சமயத்தில் இரண்டு பொய்களைச் சொல்கிறது.

‘ஒருதலைக் காதல்’ என்பதை இதில் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கேட்க இனிமையான சொல். மாதக்கணக்கில் ஒருத்தியைப் பின்தொடர்ந்து, வழிமறித்து, மிரட்டி, கடைசியில் ஆயுதத்தோடு வருகிறவனின் செயலுக்கு அதைச் சூட்டுகிறோம். தமிழ் மரபே காதலை இப்படித்தான் பார்த்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. தொல்காப்பியர் திணைகளை ஏழாகப் பகுத்தபோது கைக்கிளையை ஒரு முனையிலும் பெருந்திணையை மறு முனையிலும் தள்ளி வைத்தார். இருவர் மனமும் ஒத்த அன்புக்கு உரியவை நடுவில் உள்ள ஐந்தே. கைக்கிளைக்கு அவர் காட்டும் படம், பருவம் வராத ஒரு பெண்ணிடம் ஒருவன் பேசுகிறான், அவளிடமிருந்து பதில் வரவில்லை, தன் பேச்சில் தானே மகிழ்கிறான். அதிலும்கூட அவன் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறான். அவள் மௌனத்தைத் தண்டிக்கப் போவதில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இலக்கண ஆசிரியர் காதல் என்று ஒப்பாத ஒன்றை நாம் தலைப்பில் காதல் என்கிறோம். பின்தொடர்தல் 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்ட குற்றம். இன்றைய சட்டத்தில் 78ஆவது பிரிவு. சட்டத்தில் பெயர் இருக்கிறது. செய்தியிலும் அந்தப் பெயரை வைக்கலாம்.

சிறுமிகளைப் பற்றிய செய்திகளுக்கு வரும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ‘ஆசை வார்த்தை கூறி’, ‘உல்லாசமாக இருந்தார்’, ‘சில்மிஷம்’, ‘சீண்டல்’. பதினாலு வயதுப் பிள்ளைக்கு நடந்ததை எழுதும்போதும் இந்தச் சொற்கள் வருகின்றன. உல்லாசம் என்றால் களிப்பு. யாருக்குக் களிப்பு? சில்மிஷமும் சீண்டலும் விளையாட்டுப் பிள்ளைகள் செய்கிற குறும்பின் பெயர்கள். அவற்றைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குரிய போக்சோ சட்ட வழக்குச் செய்தியில் வைத்தால் குற்றவாளிக்குப் பத்து வயது குறைந்துவிடுகிறது, குழந்தைக்குப் பத்து வயது கூடிவிடுகிறது. அதே செய்தியில் அவன் ‘வாலிபர்’. அவளோ சில சமயம் ‘இளம்பெண்’. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தையே. அந்த வயதில் இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு ஊடகங்களுக்கென்றே எழுதப்பட்டது. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது. நடைமுறையில் பெயரை மறைத்துவிட்டுத் தந்தையின் தொழில், தெரு, வகுப்பு, பள்ளி அமைந்த ஊர் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம். சிற்றூரில் இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? ‘இன்னார் மகளாமே’ என்று மாலைக்குள் டீக்கடையில் பேச்சு வந்துவிடும். அடுத்த நாள் முதல் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருக்கும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி காவல் நிலையத்திலிருந்து. முதல் தகவல் அறிக்கை, அதிலிருந்து பத்திரிகைக் குறிப்பு, அது வாட்ஸ்ஆப் குழுவுக்கு, அங்கிருந்து பகுதிநேர நிருபரின் கைக்கு, அவரிடமிருந்து மேசைக்கு. இந்த வழியில் யாரும் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் பேசுவதில்லை. பேசக் கூடாது என்பதும் ஓரளவு சரிதான். ஆனால் அவருடைய குரல் இல்லாத இடத்தில் காவலரின் குரலே உண்மையாகிவிடுகிறது. பகுதிநேர நிருபரை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாளில் எட்டுச் செய்தி அனுப்பினால்தான் கைக்குக் கொஞ்சம் காசு தேறும் என்ற நிலையில் இருப்பவர் அவர். மேசையில் இருந்த எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

காவல் நிலையத்தின் மொழியும் கசிவும் எவ்வளவு சேதம் செய்யும் என்பதை அண்மையில் இரண்டு முறை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அதிகாரிகளாலேயே வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. அது எழுதப்பட்ட விதத்தையும் கண்டித்த சென்னை உயர் நீதிமன்றம், இடைக்கால இழப்பீடாக மறுபடி 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. அடையாளத்தை வெளியிடுவது 1983 முதலே குற்றம். இறந்தவரின் பெயரைக்கூட வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியும் இருந்தது. அரசு அதிகாரிக்கே தெரியாத சட்டம் கடைசி நிருபருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் பதில். பொள்ளாச்சிப் பெண்கள் மனம் தளராமல் நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. ஆனால் அடையாளம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாமல் இனி ஒரு பெண் சாட்சிக் கூண்டு ஏறமாட்டார்.

பெண்ணின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைக்கும் இதழியல் நம்மிடம் நேற்று தோன்றியதல்ல. 1940களில் லட்சுமிகாந்தன் நடத்திய ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ ஏடுகள் நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையை எழுதி விற்றன. 1944 நவம்பரில் அவர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947இல் விடுதலையான கதையை எல்லோரும் பேசுகிறோம். அந்த ஏடுகளில் எழுதப்பட்ட நடிகைகள் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை. இன்று விபசாரத் தடுப்புச் சோதனைச் செய்தியில் ‘அழகிகள் மீட்பு’ என்று எழுதி முகம் பாதி தெரியப் படம் போடும்போது அதே ஏட்டின் பக்கங்களைத்தான் தொடர்கிறோம். சோதனைகளின்போது பாலியல் தொழிலாளரின் அடையாளம் வெளியாகாதபடி ஊடகங்களுக்கு வழிகாட்டும்படி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தியப் பத்திரிகை மன்றத்தைக் கேட்டுக்கொண்டது. மீட்கப்பட்டவரை ‘அழகி’ என்று எழுத என்ன தேவை? அவர் தோற்றம் வழக்கில் எந்தப் பிரிவின் கீழும் வராது.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றிய தவறான எண்ணங்களைச் சுமந்த சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொல் தந்திருந்தது. அதைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் நம் வேலை முடிந்துவிடாது. ‘கள்ளக்காதல்’, ‘உல்லாசம்’, ‘ஓட்டம்’, ‘மறுத்ததால்’ எல்லாம் நாமே வளர்த்தவை. நாமேதான் களைய வேண்டும். சி. பா. ஆதித்தனார் ‘இதழாளர் கையேடு’ எழுதி, எளியவருக்கும் புரியும் தமிழில் செய்தி சொல்லும் முறையை ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையும் நாளிதழுக்குள் இழுத்த அந்த மரபு பெரிய சாதனை. அதே எளிமையோடு இப்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு பக்கச் சொற்பட்டியல் ஒட்டப்பட வேண்டும். ‘மறுத்ததால் மாணவிக்குக் குத்து’ என்பதை ‘பின்தொடர்ந்து வந்தவன் மாணவியைக் குத்தினான்’ என்று மாற்ற ஒரு நிமிடம் போதும். ‘குத்தினார்’ என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. செய்தவர் எழுவாயாக இருந்தால் சரி.

வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழில் இப்படி ஒரு தலைப்பைக் கண்டால் பக்கத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். தேதி, பக்க எண், தலைப்பு மூன்றையும் குறிப்பிடுங்கள். நான் மேசையில் இருந்த நாளில் அப்படி வந்த ஓர் அஞ்சலட்டைதான் என்னை முதன்முதலாக எழுத்தை எண்ண வைத்தது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலோடு செய்தியின் வெட்டுத்தாளையும் இணைத்து இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம். மன்றத்தால் தண்டிக்க முடியாது, கண்டிக்க முடியும். நாளிதழ் என்றால் செய்தி வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.